தோற்றுத் திரும்பியவரும் எரிந்துபோன கட்டடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1981 ஜனவரியில், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் வெள்ளை மாளிகையைக் காலி செய்துவிட்டு பிளெயின்ஸுக்குத் திரும்பினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில், நிலக்கடலை விளையும் பக்கம், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. கொண்டுவந்த பெட்டிகளை அடுக்க வீட்டில் இடமில்லை. பரணுக்குத் தரைப்பலகை அடிக்காமலே விட்டிருந்தார்கள். இருவரும் பலகை வாங்கி வந்து, பரணில் குனிந்தும் தவழ்ந்தும், தாங்களே அடித்து முடித்தார்கள்.

அந்த நாட்களில் அவர்கள் இருந்த நிலை பரிதாபமானது. 1980 நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 44 மாநிலங்கள் ரொனால்ட் ரீகனுக்குப் போயிருந்தன. ஈரானில் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்த 52 அமெரிக்கர்களை விடுவிக்கக் கடைசி இரவுகளில் கார்ட்டர் தூங்காமல் பாடுபட்டார். ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களுக்குப் பிறகுதான் அவர்கள் விடுதலை ஆனார்கள். ஊருக்கு வந்து பார்த்தால், அறக்கட்டளைப் பொறுப்பில் விட்டுப்போன குடும்பக் கடலை வியாபாரம் சுமார் 10 லட்சம் டாலர் கடனில் நின்றது. அப்போது அவருக்கு வயது 56. உலகத்தின் மிகப் பெரிய பதவியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். தோல்வியை ரோசலின் அவரைவிட ஆழமாக எடுத்துக்கொண்டார். அந்தக் கசப்பை இருவரும் பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பதவி முடிந்து கிளம்பும்போது ஊழியர்களும் அமைச்சர்களும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பரிசு தச்சுக் கருவிகள். அவருக்குப் பிடித்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அந்தக் கைவேலைதான் ஏழைகளுக்கு வீடு கட்ட அவரை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சேவை செய்தால் மனநிறைவு வரும் என்று எல்லோரும் சொல்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அது எப்படி வருகிறது, எந்த ஏற்பாட்டில் வருகிறது, எந்த ஏற்பாட்டில் வராமல் போகிறது என்று பார்ப்பதில்லை. அடுத்தவர் வீட்டைக் கட்டப் போன ஒருவருக்கு எங்கிருந்து தெம்பு கிடைத்தது என்பதைக் கூர்ந்து பார்க்க கார்ட்டரின் கதை இடம் தருகிறது. முன் நிலையும் பின் நிலையும் ஊரறியப் பதிவாகியிருக்கின்றன.

அவர் போய்ச் சேர்ந்த, ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் இயக்கத்தின் வேர் பிளெயின்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அமெரிக்கஸ் என்ற சிறு நகரத்துக்கு அருகில் 440 ஏக்கரில் கொய்னோனியா என்ற பண்ணையை 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் தம்பதியும் இன்னொரு தம்பதியும் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், ஒரே கூலி வாங்குவதும் அந்தப் பண்ணையின் வழக்கம். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் இதைப் பொறுப்பார்களா? 1950களில் பண்ணையின் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள், குண்டு வைத்தார்கள், ஊர்க் கடைக்காரர்கள் பொருள் விற்க மறுத்தார்கள். பண்ணை தாக்குப்பிடித்தது. 1965இல் மில்லர்ட் ஃபுல்லர் என்ற இளம் வழக்கறிஞர் அங்கே வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் லட்சாதிபதி ஆனவர். அந்த ஓட்டத்தில் குடும்பமே உடையப் போனது. மனைவி லிண்டாவும் அவரும் சொத்தையெல்லாம் விற்றுத் தானம் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக, இந்த இயக்கத்தைத் தொடங்கியவரும் ஒரு வகையில் நொறுங்கி வந்தவர்தான்.

1968இல் ஜோர்டனும் ஃபுல்லரும் ஒரு கணக்குப் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஓட்டைப் பலகைக் குடிசைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல வீடு வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியிருக்கும். வங்கிக் கடன் அவர்களுக்குக் கிடைக்காது. எனவே லாபம் வைக்காமல், வட்டி இல்லாமல், மாதத் தவணையில் வீடு. வரும் தவணைப் பணம் ஒரு பொது நிதிக்குப் போகும், அதிலிருந்து அடுத்த குடும்பத்துக்கு வீடு எழும்பும். வீடு வாங்குகிற குடும்பமும் தன் வீட்டிலும் பிறர் வீட்டிலும் சில நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். அதை வியர்வைப் பங்கு என்கிறார்கள். 1969இல் ஜோர்டன் திடீரென்று இறந்துபோனார். ஃபுல்லர் தம்பதி 1973 முதல் மூன்று ஆண்டு ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் ம்பண்டாக்காவில் இதே முறையில் வீடு கட்டிப் பார்த்துவிட்டு, 1976இல் அமெரிக்கஸில் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியைத் தொடங்கினார்கள்.

கார்ட்டருக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1953இல் அப்பா இறந்ததும் கடற்படை வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, அவர்கள் குடியேறியது ஏழைகளுக்காக அரசு கட்டிய வாடகைக் குடியிருப்பில். அது தெரிந்தால் அவருடைய பிற்கால ஈடுபாடு இன்னும் நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

1984 தொடக்கத்தில் ஃபுல்லர் அவரைப் போய்ப் பார்த்தார். ஹேபிடட் வேலையில் ஆர்வம் இருக்கிறதா, இல்லை மிகுந்த ஆர்வம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். மிகுந்த ஆர்வம் என்று பதில் வந்தது. என்னென்ன விதங்களில் உதவலாம் என்று 15 வேலைகளைப் பட்டியல் போட்டு ஃபுல்லர் அனுப்பினார். பேச்சு, நன்கொடை கேட்டுக் கடிதம், இப்படிப் போன அந்தப் பட்டியலில் ஒரு நாள் கட்டட வேலைக்கு வருவதும் இருந்தது. ஏதோ இரண்டு மூன்றுக்குத் தலையாட்டுவார் என்று எதிர்பார்த்த இடத்தில் 15க்கும் சம்மதித்தார். மார்ச் மாதம் அமெரிக்கஸில் ஒரு வீட்டு வேலைக்குக் கருவிகளோடு வந்தார். முன்னாள் ஜனாதிபதி வந்து கையசைத்துவிட்டுப் போவார் என்று நினைத்தவர்கள் நாள் முழுக்க அவர் வேலை செய்ததைப் பார்த்தார்கள்.

அந்த ஏப்ரலில் வேறு வேலையாக நியூயார்க் போனவர், மன்ஹாட்டனின் கிழக்கு 6ஆம் தெருவில் ஹேபிடட் எடுத்திருந்த ஒரு ஆறு மாடிக் கட்டடத்தைப் பார்க்கப் போனார். மாஸ்காட் ஃபிளாட்ஸ் என்று பெயர். பெயர்தான் மிச்சம். தீயில் வெந்து, கூரை போய், குப்பையும் இடிபாடுமாகக் கிடந்தது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்கள் ஒதுங்கும் இடமாக இருந்தது. அதை 19 குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்றுவது திட்டம். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம், ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று கார்ட்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ஒரு வாரம் தச்சுவேலைக்கு ஆட்களோடு வாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

1984 செப்டம்பரில் சுமார் நாற்பது பேர் ஒரு பேருந்தில் ஜார்ஜியாவிலிருந்து கிளம்பினார்கள். ஒரு பகல் ஒரு இரவுப் பயணம். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் அடுக்குக் கட்டில்களில் தங்கல். காலையில் வேலைக்குப் போய் இருட்டும்போது திரும்புவார்கள். முதலில் செய்தது கட்டுமானமே அல்ல, குப்பை அள்ளியதுதான். அப்புறம் வெந்துபோன மரச்சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துத் தரைப்பலகை அடித்தார்கள்.

ரோசலின் கிளம்பும்போதே, எந்த வேலையும் செய்கிறேன், சுத்தியல் மட்டும் பிடிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அங்கே போனபின் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஆணியடிக்க ஆள் தேவைப்பட்டது, பிடித்தார். ஒரு ஆணியை இறக்க முதலில் எத்தனையோ அடி வேண்டியிருந்தது, வாரம் முடிவதற்குள் சில அடிகளில் இறங்கியது. இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். ஏறக்குறைய நான்கு வருடமாகத் தோல்வியைச் சுமந்த ஒருவருக்கு, ஐந்தே நாளில் தன் கை தேறியிருப்பது கண்ணெதிரே தெரிந்தது.

அந்த வாரத்தில் கட்டடம் முடிந்துவிடவில்லை. 1985இல் இருவரும் மறுபடி வந்தார்கள். 19 குடும்பங்களும் பிற்பாடு குடியேறின. பத்திரிகைகளில் வந்த படங்களால் அதுவரை பலர் கேள்விப்படாத ஹேபிடட் நாடறிந்த பெயர் ஆனது. அதன்பின் ஆண்டுதோறும் ஒரு வாரம் வீடு கட்டப் போவது இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. 14 நாடுகளில் 4,300க்கும் மேற்பட்ட வீடுகள், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் என்று அந்தக் கணக்கு நீண்டது. தாங்கள் கொடுத்ததைவிடப் பெற்றதுதான் அதிகம் என்று கார்ட்டர் பல முறை சொல்லியிருக்கிறார். அது மரியாதைக்குச் சொன்னதல்ல என்று நம்புகிறேன், ஏனென்றால் நானும் அதில் ஒரு துளியைப் பார்த்திருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நாகப்பட்டினம் கரையோரம் ஒரு கிராமத்தில் பத்து நாள் வேலைக்குப் போயிருந்தேன். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல், வீட்டில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்த சமயம். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பது எனக்குக் கொடுத்த வேலை. இரண்டாம் நாள் அந்த வீட்டுக்கார அக்கா, மண் சுமந்த பாண்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, கல்லை நனைச்சுக் குடுப்பா. காஞ்ச கல்லு கலவைத் தண்ணிய உறிஞ்சிரும், செவுரு பிடிக்காது" என்றார். சித்தாள் வேலை பார்த்துப் பழகியவர். அன்றிலிருந்து அவர் சொன்னபடி தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் மேஸ்திரி தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியா நிக்குது என்றார். பல மாதமாக எனக்கு வராத தூக்கம் அன்றைக்கு ராத்திரி வந்தது.

என்ன நடந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். உதவ வந்தவன் என்ற நினைப்பை அந்த அக்கா ஒரே வாக்கியத்தில் எடுத்துவிட்டார். அங்கே அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த இடம் எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. கார்ட்டர் விஷயத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது என் கணிப்பு. முடிவு எடுத்து எடுத்து, அந்த முடிவுகளுக்காகவே தோற்கடிக்கப்பட்டவர், இந்தப் பலகையை இந்த அளவுக்கு அறுத்துக் கொடு என்று ஒரு மேஸ்திரி சொல்ல, அறுத்துக் கொடுக்கிறார். நாட்டின் பொருளாதாரத்தை நேர் செய்ய முடியாமல் போனது. இந்தச் சட்டத்தை நேராக வைக்க முடியும். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் நேர், இல்லாவிட்டால் இல்லை. அதில் கருத்துக்கணிப்புக்கு இடமில்லை.

வேலையின் அளவும் ஒரு காரணம். வீடு பெரிய காரியம், தனி ஆளால் ஆகாது. ஆனால் அன்றைக்கு நம் பங்குக்கு வருவது கைக்கு அடங்கும். காலையில் இல்லாத சுவர் சாயங்காலம் இருக்கும். மனம் தளர்ந்தவர்களுக்கு நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாது. வீட்டு வேலையில் அந்த வித்தியாசம் இரண்டு அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

அப்புறம் கூட்டு உழைப்பு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் படகோட்டிகளை வைத்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். அதே அளவு துடுப்புப் பயிற்சியைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, சேர்ந்து ஒரே தாளத்தில் செய்தபோது வலி தாங்கும் சக்தி அதிகமாக இருந்தது. உடலே சுரக்கும் வலிநீக்கிகள் கூட்டு உழைப்பில் கூடுதலாகச் சுரக்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். காங்கிரீட் போடும் நாளில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏலேலோ பாடித் தூக்கிய பாரம் லேசாவது நம் ஊர் ஆட்களுக்கு என்றைக்கோ தெரியும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று உழைக்கிறார் என்பதுதான் இந்த முறையின் உயிர். தவணையும் அவர் கட்டப்போகிறார். அதனால் தன்னார்வலர் கொடுப்பவர் அல்ல, வீட்டுக்காரர் வாங்குபவரும் அல்ல. கொய்னோனியாவில் ஒரே மேசையில் சாப்பிட்ட வழக்கம் வேலைத்தளத்துக்கு வந்திருக்கிறது. இந்த ஒன்றை எடுத்துவிட்டு, வெளியாட்கள் வந்து கட்டிச் சாவியை நீட்டும் நிகழ்ச்சியாக மாற்றினால் வீடு கிடைக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் கிடைக்க வேண்டிய நிமிர்வு கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கார்ட்டருக்குத் தெம்பு திரும்பியது வீடு கட்டியதால் மட்டும் என்று சொல்ல முடியாது. 1982இல் உலக அமைதிக்கும் சுகாதாரத்துக்கும் உழைக்கும் கார்ட்டர் மையத்தைத் தொடங்கினார், நூல்கள் எழுதினார், ஆழ்ந்த பக்தி இருந்தது, எல்லாவற்றிலும் கூடவே நின்ற துணைவி இருந்தார். வயிற்றுப்பாட்டுக் கவலையில்லாமல் ஒரு வாரம் கூலியின்றி உழைக்க முடிகிற வசதியும் இருந்தது. பொதுவாகவே, ஓரளவு மனத்தெம்பு உள்ளவர்கள்தான் சேவைக்கு வருகிறார்கள் என்பதால், சேவையால்தான் தெம்பு வந்தது என்று நிரூபிப்பது கடினம். மனச்சோர்வு நோயாக இருப்பவருக்கு வைத்தியரின் உதவி வேண்டும். செங்கல் தூக்கினால் சரியாகிவிடும் என்று அவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது.

இன்னொரு கேள்வி இன்னும் கூர்மையானது. விமானம் ஏறி வந்து ஒரு வாரம் பழக்கமில்லாத கையால் வேலை செய்வதைவிட, அந்தப் பயணச் செலவை உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகக் கொடுத்தால் அதிக வீடு எழும்பாதா? எழும்பும். இதை மழுப்ப வேண்டியதில்லை. கார்ட்டர் வாரங்களின் பெரிய பலன் நிதியும் கவனமும் திரண்டதுதான். அடித்தளம் முன்கூட்டியே போட்டிருப்பார்கள், மின்சாரம், குழாய் வேலைகளைத் தேர்ந்தவர்கள் பார்ப்பார்கள். கற்றுக்குட்டி வேலை என்பதால் வீடு நிற்காதோ என்ற பயத்துக்கு மட்டும் ஒரு நல்ல பதில் உண்டு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஆயிரக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியபோது ஹேபிடட் வீடுகள் பெரிய சேதமில்லாமல் நின்றன. தொழிலாளி இரண்டு ஆணி அடிக்கும் இடத்தில் தன்னார்வலர் பயந்து பத்து அடிப்பார், அதனால்தான் என்று ஹேபிடட்காரர்கள் சொல்வார்கள்.

2006இல் அந்த வாரம் இந்தியாவுக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகே பாட்டன் என்ற கிராமத்தில் அக்டோபர் கடைசியில் தொடங்கி 100 வீடுகள். கார்ட்டருக்கு அப்போது 82 வயது. அந்தப் பகுதி அவர் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவருடைய அம்மா லில்லியன் 68ஆவது வயதில், 1966இல், அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான அமைதிப் படையின் (பீஸ் கார்ப்ஸ்) செவிலியராக மும்பையை ஒட்டிய விக்ரோலிக்கு வந்து பணியாற்றியவர். மனம் சோர்ந்தால் எழுந்து போய் யாருக்காவது கை கொடு என்பது அந்த வீட்டில் அம்மாவிடமிருந்தே வந்த பழக்கம் போலும்.

வேலைத்தளத்தில் கார்ட்டர் எப்படி இருப்பார் என்பதைக் கூட வேலை செய்தவர்கள் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். அரட்டை பிடிக்காது. படம் எடுக்க ஒவ்வொரு வீட்டுக் குழுவுக்கும் ஒரு நேரம் ஒதுக்குவார், அது முடிந்தால் வேலை. சும்மா நிற்பவரைக் கண்டால் முகம் மாறும். 2015 ஆகஸ்டில் புற்றுநோய் மூளை வரை பரவியிருப்பதாக அறிவித்தார். அந்த வருடம் நேபாளத்தில் கட்டுவதாக இருந்த திட்டம் அங்கிருந்த கொந்தளிப்பால் நின்றுபோக, நவம்பரில் மெம்ஃபிஸில் ஒரு வீட்டு வேலைக்குப் போனார். 2017இல் கனடாவின் வின்னிபெக்கில் வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு இருந்துவிட்டு மறுநாள் காலையில் தளத்துக்கு வந்துவிட்டார். 92 வயதுக்காரர் இப்படிச் செய்வது சரிதானா என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தால் அவர் நலமாக இருந்திருப்பாரா என்று எனக்குத் தோன்றுகிறது.

2019 அக்டோபரில் வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல். இடது கண் கறுத்து வீங்கியிருந்தது. மறுநாள் காலை டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில், புது வீடுகளின் முன்வாசலுக்கான மரத் தாங்கிகளுக்கு 95 வயது கார்ட்டர் துளை போட்டுக்கொண்டிருந்தார். ரோசலினுக்கு அப்போது 92. பிளெயின்ஸில் பரணுக்குத் தரை அடித்த அன்று போலவே அவரும் பக்கத்தில் இருந்தார்.